முதலில் அறையை அளந்துகொள்ளுங்கள்



வீட்டிலேயே ஒரு வீடியோ புரொஜெக்டர் செய்ய முனைகிறவர்கள் எடுத்த எடுப்பில் கேட்கும் கேள்வி, "எந்த லென்ஸ் வாங்குவது?" என்பதே. ஜெர்மனியில் வாழும் நம் தமிழ் இளைஞர்கள் சிலர் அண்மையில் என்னிடமும் அதைக் கேட்டார்கள். குருவானவரிடம் கேட்கும் கேள்வியா இது என்று நீங்கள் வியக்கலாம். இங்கே என் பொறுப்பிலுள்ள மக்களிடையே ஒரு முதியவருக்காக அப்படியொரு கருவி உருவானது. அது உருவான வாரங்களில் நான் அந்த வீட்டுக்குப் போய்வந்துகொண்டிருந்தேன். அதனால்தான் அவர்கள் என்னிடம் வந்தார்கள். தனித்தனியே சொன்னதை உங்கள் எல்லாருக்குமாக இங்கே எழுதுகிறேன்.

அந்த முதியவர் எண்பதைக் கடந்தவர். யாழ்ப்பாணக் குடாநாட்டில் பல ஆண்டுகள் ஒளிப்பட நிலையம் நடத்தியவர். போர் அவரைக் குடும்பத்தோடு ரூர் பகுதியின் ஒரு நகரத்தில் கொண்டுவந்து சேர்த்தது. இடுப்பெலும்பு முறிந்த பின் படுத்த படுக்கையானார். ஒருக்களித்துப் படுத்துத் தொலைக்காட்சி பார்க்க வலி விடுவதில்லை. ஆகவே நாள் முழுவதும் அவர் கண்ணுக்கு எதிரே இருந்தது வெள்ளையடித்த சீலிங் ஒன்றுதான். மாத முதல் வெள்ளியன்று நான் நற்கருணை கொண்டு சென்றபோது ஒருமுறை சொன்னார்: "சுவாமி, இந்தச் சீலிங்கிலை இருக்கிற வெடிப்பெல்லாம் எனக்குப் பாடம்."

அவருடைய பேரன் மின்பணி பழகும் இளைஞன். அப்பப்பா பார்ப்பது சீலிங்கைத்தான் என்றால் படத்தையும் அங்கேயே விழச் செய்துவிடலாம் என்று அவன் முடிவு செய்தான். கடையில் ஆயத்தமாகவே கருவி கிடைக்குமே என்று கேட்பீர்கள். கிடைக்கும். ஆனால் அவற்றுள் பல மேல்நோக்கிச் செங்குத்தாக நிறுத்தி ஓட்டுவதற்கு ஏற்றவையல்ல. தலைமாட்டில் வைத்தால் விசிறியின் இரைச்சல் உறங்கவும் விடாது. தவிர, தன் கையால் செய்து கொடுக்க வேண்டும் என்ற ஆசையும் அவனுக்கு இருந்தது. அந்த ஆசையைக் குறைத்து மதிப்பிடக் கூடாது.

இத்தகைய கருவியின் அமைப்பு எளியது. அடியில் ஆற்றல் மிக்க ஓர் எல்இடி விளக்கு. அதன் ஒளியை ஒழுங்குபடுத்த ஒரு லென்ஸ் தொகுதி. நடுவே வீடியோ ஓடும் எல்சிடி பலகை. அதன் பின்னொளி அடுக்குகளை அகற்றிவிட்டால் அது ஒளி ஊடுருவும் கண்ணாடியாகிவிடும். பலகைக்கு அப்பால், படத்தைத் திரையில் விழச் செய்யும் முகப்பு லென்ஸ். எல்லாவற்றுக்கும் மேலே திரை. இந்த வீட்டில் சீலிங்கே திரை. அவன் வாங்கியது 5.5 அங்குலப் பலகை. வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள்: முப்பரிமாண அச்சு இயந்திரங்களுக்காக விற்கப்படும் பலகைகளில் கறுப்பு வெள்ளை மட்டுமே காட்டுபவையும் உண்டு. ஓஎல்இடி திரை இந்த வேலைக்கு உதவவே உதவாது. அது தானே ஒளிர்வது. பின்னாலிருந்து வரும் ஒளியைத் தன் வழியே விடாது.

இனி லென்ஸுக்கு வருவோம். லென்ஸைத் தேர்ந்தெடுப்பது லென்ஸ் கடையில் தொடங்குவதில்லை. பார்க்கப்போகிறவரின் அறையில் தொடங்குகிறது. அளவு நாடாவை எடுங்கள். அந்த அறையின் உயரம் 2.5 மீட்டர். கட்டிலருகே உள்ள சிறு மேசையின் மேல் கருவியை நிறுத்தினால், லென்ஸ் தரையிலிருந்து 90 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கும். ஆகவே லென்ஸுக்கும் சீலிங்குக்கும் இடையே 160 சென்டிமீட்டர். பலகையின் அகலம் ஏறத்தாழ 12 சென்டிமீட்டர். முதியவரின் கண்ணுக்கு வசதியாக 120 சென்டிமீட்டர் அகலப் படம் வேண்டும். அதாவது பத்து மடங்கு பெருக்கம்.

பள்ளியில் படித்த லென்ஸ் சமன்பாடு இங்கே கைகொடுக்கிறது. திரைக்குள்ள தூரத்தை, வேண்டிய பெருக்கத்துடன் ஒன்றைக் கூட்டி வரும் எண்ணால் வகுத்தால் குவியத் தூரம் கிடைக்கும். 160-ஐப் பதினொன்றால் வகுத்தால் ஏறத்தாழ 14.5 சென்டிமீட்டர். எனவே தேட வேண்டியது ஏறத்தாழ 150 மில்லிமீட்டர் குவியத் தூரமுள்ள லென்ஸ். அறை மாறினால் இந்த எண்ணும் மாறும். மற்றொருவர் வீட்டுக்கு மிகச் சிறப்பாகப் பொருந்திய லென்ஸ் உங்கள் வீட்டுக்குப் பொருந்தாமல் போவதற்கு இதுவே காரணம்.

பேரன் முதலில் கொண்டுவந்தது, பள்ளிகள் கழித்துவிட்ட ஓவர்ஹெட் புரொஜெக்டர் ஒன்றின் தலைப்பகுதி. ஜெர்மனியின் பள்ளிகளிலும் பங்கு மன்றங்களிலும் ஒரு காலத்தில் அது இல்லாத இடமில்லை. கிழக்கு ஜெர்மனியில் அதைப் 'பாலிலக்ஸ்' என்றே அழைத்தார்கள். தன் நிலவறையில் இன்னும் ஒன்றை வைத்திருக்கும் பங்குகளை நான் கண்டிருக்கிறேன். அந்த லென்ஸ் நல்ல லென்ஸ்தான். ஆனால் அதன் குவியத் தூரம் ஏறத்தாழ 300 மில்லிமீட்டர். 160 சென்டிமீட்டர் தூரத்தில் அது நான்கு மடங்கு சொச்சமே பெருக்கும். படம் அரை மீட்டர் அகலத்தோடு நின்றுவிடும். பெரிய பலகை வைத்தால் படமும் பெரிதாகும் என்பது உண்மை. ஆனால் பெட்டியும் ஒரு சிறிய அலமாரி அளவுக்கு வளர்ந்துவிடும். கட்டிலருகே அதற்கு இடமேது?

அடுத்து ஒரு ஸ்லைடு புரொஜெக்டரின் லென்ஸைக் கண்டெடுத்தான். இந்நாட்டின் பழம்பொருள் சந்தைகளில் 85, 90 மில்லிமீட்டர் லென்ஸ்கள் எளிதில் கிடைக்கும். அவற்றுள் சில உலகப் புகழ்பெற்ற நிறுவனங்களின் ஆக்கங்கள். இங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள். லென்ஸின் புகழைப் பார்க்கிறார்கள். அது எந்த அளவுப் படத்துக்காகச் செய்யப்பட்டது என்பதைப் பார்ப்பதில்லை. ஒவ்வொரு லென்ஸுக்கும் ஒரு பட வட்டம் உண்டு. அந்த வட்டத்துக்குள் இருப்பதை மட்டுமே அது தெளிவாகக் காட்டும். 35 மில்லிமீட்டர் ஸ்லைடின் மூலைவிட்டம் 43 மில்லிமீட்டர். நம் பலகையின் மூலைவிட்டமோ 14 சென்டிமீட்டர். அந்த லென்ஸை இங்கே வைத்தால் படத்தின் நடுப்பகுதி மட்டும் பளிச்சென்று தெரியும். மூலைகள் இருளில் மூழ்கும்.

சாதாரண உருப்பெருக்கிக் கண்ணாடி ஒன்றை வைத்தால் என்ன என்று கேட்பவர்களும் உண்டு. முயன்று பாருங்கள், படம் விழும். ஆனால் எழுத்துகளின் ஓரத்தில் ஒருபுறம் நீலமும் மறுபுறம் சிவப்பும் கசியும். ஒற்றைக் கண்ணாடி எல்லா நிறங்களையும் ஒரே இடத்தில் குவிப்பதில்லை. இயல்பு வேறுபட்ட இரு கண்ணாடிகளை இணைத்தால்தான் ஒன்றின் குறையை மற்றொன்று சரிசெய்யும். இந்தக் கலையை உயர்நிலைக்குக் கொண்டுசென்றவர்களுள் முதன்மையானவர் ஜெர்மானியரான யோசப் ஃபிரான்ஹோஃபர். 1787-இல் பவேரியாவின் ஸ்ட்ராபிங் நகரில் பிறந்தவர். பதினொரு வயதில் தாய் தந்தை இருவரையும் இழந்து, மியூனிக்கில் ஒரு கண்ணாடிப் பட்டறையில் வேலை பழகச் சேர்க்கப்பட்டார். 1801-இல் அந்த வீடு இடிந்து விழுந்தது. இடிபாடுகளுக்குள்ளிருந்து அச்சிறுவன் உயிரோடு மீட்கப்பட்டான். மீட்பைக் காண வந்த இளவரசர் அவனுக்குப் பணவுதவி செய்தார். பிற்காலத்தில் அவர் பணியாற்றிய ஒளியியல் கண்ணாடித் தொழிற்கூடம் பெனடிக்ட்போயர்ன் என்னும் ஊரில், 1803-இல் கலைக்கப்பட்ட பெனடிக்டின் மடத்தின் வளாகத்தில் இருந்தது. இன்று அதே மடத்தில் சலேசியத் துறவியர் இருக்கிறார்கள். செபத்துக்காக எழுப்பப்பட்ட வளாகத்தில் கண்ணாடி உருகியது. ஒளியின் நிறங்கள் ஆராயப்பட்டன. இதை நினைக்கும்போதெல்லாம் என் மனம் நெகிழ்கிறது. அவர் வாழ்ந்தது 39 ஆண்டுகளே.

இவ்வாறு மூன்று லென்ஸ்களும் தள்ளப்பட்ட நிலையில், பேரன் இணையத்தில் கண்ட லென்ஸ்களின் படங்களைக் கைப்பேசியில் ஒவ்வொன்றாக அப்பப்பாவுக்குக் காட்டிக்கொண்டிருந்தான். ஆலோசனை கேட்பதற்காக அல்ல, பேச்சுத் துணைக்காக. ஒரு படத்தைக் கண்டதும் பெரியவர் கையை உயர்த்தி நிறுத்தினார். பேரன் அதுவரை வரைந்து வைத்திருந்த படத்தையும் வாங்கிப் பார்த்தார். பிறகு சொன்னார்: "தம்பி, நீ செய்யிறது என்லார்ஜர் எல்லே? தலைகீழாய் நிக்குது, அவ்வளவுதான்."

இளையோருக்காகச் சற்று விளக்குகிறேன். ஃபிலிம் காலத்தில் சிறிய நெகட்டிவிலிருந்து பெரிய படம் எடுக்க இருட்டறையில் என்லார்ஜர் என்னும் கருவி இருந்தது. உச்சியில் விளக்கு, அதன் கீழ் ஒளியைக் குவிக்கும் கண்ணாடி, அதன் கீழ் நெகட்டிவ், பின் லென்ஸ், எல்லாவற்றுக்கும் அடியில் மேசைமேல் விரித்த தாள். இதை அப்படியே தலைகீழாக்குங்கள். விளக்கு அடியில் வரும். நெகட்டிவின் இடத்தில் எல்சிடி பலகை வரும். தாளின் இடத்தில் சீலிங் வரும். நாற்பது ஆண்டுகளுக்கு முன் ஒரு சிறிய இருட்டறையில் நாள்தோறும் தாம் கையாண்ட கருவியைத்தான் பேரன் புதிதாகக் கண்டுபிடிக்க முயல்கிறான் என்பதைப் பெரியவர் ஒரு பார்வையில் கண்டுகொண்டார்.

அந்தச் சொல்லில் விடையும் இருந்தது. 4×5 அங்குல நெகட்டிவுக்கான என்லார்ஜர் லென்ஸின் குவியத் தூரம் 150 மில்லிமீட்டர். அந்த நெகட்டிவின் மூலைவிட்டம் ஏறத்தாழ 15 சென்டிமீட்டர். நம் பலகையின் 14 சென்டிமீட்டர் அதற்குள் அடங்கிவிடுகிறது. அண்மைத் தூரத்தில், தட்டையான தாளில், மூலைவரை கூர்மையாகப் படம் விழ வேண்டும் என்பதற்காகவே செய்யப்பட்ட லென்ஸ் அது. ஜெர்மனி இதில் பெயர்பெற்ற நாடு. 1913-இல் குரோய்ட்ஸ்னாக்கில் தொடங்கிய ஷ்னைடர் நிறுவனத்தின் காம்பொனான், 1877-இல் தோன்றிய ரோடன்ஸ்டாக் நிறுவனத்தின் ரோடகான் ஆகியவை உலகெங்கும் இருட்டறைகளில் இருந்தவை. டிஜிட்டல் காலம் வந்து இருட்டறைகள் மூடப்பட்டபின் அவை பழைய பெட்டிகளில் உறங்குகின்றன. அவற்றில் ஒன்றைப் பேரன் தேடி வாங்கினான். கணக்குப்படி, லென்ஸ் பலகையிலிருந்து ஏறத்தாழ 16.5 சென்டிமீட்டர் தள்ளி நிற்க வேண்டும். படம் 118 சென்டிமீட்டர் அகலம் வரும். வந்தது.

"அந்த லென்ஸின் துவாரம் சிறியதாயிற்றே, வெளிச்சம் போதுமா?" என்று விவரம் தெரிந்தவர்கள் கேட்பார்கள். நல்ல கேள்வி. f/5.6 என்றால் துவாரத்தின் விட்டம் ஏறத்தாழ 2.7 சென்டிமீட்டர். இங்கேதான் யார் கண்ணிலும் படாத மற்ற லென்ஸ்களின் பணி தொடங்குகிறது. பலகைக்கு இருபுறமும் ஃபிரெனெல் லென்ஸ் எனப்படும் மெல்லிய பிளாஸ்டிக் தகடுகளை வைக்கிறோம். வட்ட வட்டமாக வரி கீறிய தகடுகள். கனத்த கண்ணாடியின் வேலையை மெல்லிய பட்டைகளால் செய்ய முடியும் என்று காட்டியவர் பிரான்சு நாட்டு ஃபிரெனெல். அவர் அமைத்த லென்ஸ் 1823-இல் கோர்துவான் கலங்கரை விளக்கத்தில் முதன்முதலாக ஒளிர்ந்தது. கடலோடிகளுக்கு வழி காட்டிய அதே உத்தி இன்று உங்கள் பெட்டிக்குள் வருகிறது.

விளக்கின் பக்கமுள்ள தகட்டின் குவியத் தூரம் 12 சென்டிமீட்டர், மறுபக்கத் தகட்டினது 16 என்று கொள்வோம். 2 சென்டிமீட்டர் விளக்கின் உருவம் முகப்பு லென்ஸை அடையும்போது 16-க்கு 12 என்ற விகிதத்தில் பெரிதாகி 2.7 சென்டிமீட்டர் ஆகிறது. துவாரமும் அதே அளவு. ஒளி சிந்தாமல் உள்ளே போய்விடுகிறது. இதற்கு மாறாக அகன்று பரந்த பெரிய விளக்கை வைத்தால் அதன் ஒளியில் பெரும்பகுதி துவாரத்துக்கு வெளியே விழுந்து பெட்டியைச் சூடாக்குவதோடு சரி. எல்சிடி பலகையோ தன்மேல் விழும் ஒளியில் பத்தில் ஒரு பங்கைக்கூட வெளியே விடுவதில்லை. ஆகவே விளக்கைப் பெரிதாக்குவதைவிட ஒளியை வீணாக்காமல் இருப்பதே அறிவுடைமை. தகடுகளைப் பலகையோடு ஒட்டிவிடாதீர்கள். ஒரு சென்டிமீட்டர் அளவு இடைவெளி விடுங்கள். இல்லாவிட்டால் அவற்றின் வரிகளும் படத்தில் தெரியும். சூட்டைக் கடத்தும் உலோகத் துடுப்புகளையும் மெல்ல ஓடும் விசிறி ஒன்றையும் மறவாதீர்கள். யாரும் அருகில் இல்லாதபோது கருவியை ஓடவிடாதீர்கள். எக்காரணம் கொண்டும் லென்ஸுக்குள் குனிந்து பார்க்காதீர்கள்.

எந்த லென்ஸ் என்பதைப் போலவே எந்த இடம் என்பதும் முக்கியம். இதற்கு எங்கள் குருகுலத்திலிருந்தே ஒரு சான்று உண்டு. அத்தனாசியுஸ் கிர்கர் என்ற இயேசு சபைக் குரு 1602-இல் ஃபுல்டாவுக்கு அருகிலுள்ள கைசா என்னும் ஊரில் பிறந்தவர். ஒளியையும் நிழலையும் பற்றி அவர் எழுதிய பெருநூல் 1646-இல் உரோமையில் வெளிவந்தது. மாய விளக்கு எனப்படும் ஆதி புரொஜெக்டரின் படங்களை அதன் 1671-ஆம் ஆண்டுப் பதிப்பில் காணலாம். அதைக் கண்டுபிடித்தவர் அவரே என்று நெடுங்காலம் நம்பப்பட்டது. உண்மையில் டச்சு நாட்டு அறிஞர் ஹைகன்ஸ் 1659 அளவிலேயே அதைச் செய்திருந்தார். கிர்கரின் நூலிலுள்ள படத்தில் ஒரு வேடிக்கை: ஓவியம் தீட்டிய கண்ணாடி, லென்ஸுக்கும் சுவருக்கும் இடையே காட்டப்பட்டுள்ளது. அப்படி வைத்தால் சுவரில் தெளிவான படம் விழாது. ஓவியம் இருக்க வேண்டிய இடம் விளக்குக்கும் லென்ஸுக்கும் நடுவே. அந்தப் பெரியவரின் கல்வியை நான் மதிக்கிறேன். எனினும் செய்து பார்த்தவரின் கைக்கும் எழுதி வைத்தவரின் ஏட்டுக்கும் உள்ள தூரத்தை அந்த ஒரு படம் காட்டிவிடுகிறது.

நம் இளைஞர்கள் தடுமாறும் இடமும் இதற்குப் பக்கத்தில்தான். பலகையின் முகம் லென்ஸைப் பார்க்க வேண்டும் என்றே எல்லாரும் எண்ணுவார்கள். அப்படி வைத்தால் எழுத்துகள் கண்ணாடியில் தெரிவதுபோல இடவலம் மாறி விழும். பலகையின் முகம் விளக்கைப் பார்க்க வேண்டும், முதுகு லென்ஸைப் பார்க்க வேண்டும். லென்ஸ் படத்தைத் தலைகீழாக்குவதால் பலகையையும் தலைகீழாக வைக்க வேண்டும். சீலிங்கில் விழும் படத்துக்கு இன்னும் எளிது: படுத்திருப்பவருக்குத் தலைப்பக்கம் எது, கால்பக்கம் எது என்று பார்த்துப் பெட்டியைத் திருப்பி வைத்தால் போதும். பெட்டியைச் சாய்த்துவிடாதீர்கள். சாய்த்தால் சதுரம் சரிவகமாகும். ஒரு பக்கம் தெளிந்தால் மறுபக்கம் மங்கும்.

முதல் நாள் மாலையில் அவருக்குக் காட்டப்பட்டது திரைப்படம் அன்று. ஊரிலுள்ள உறவினர் ஒருவர் தெருவழியே கடற்கரைவரை நடந்து கைப்பேசியில் எடுத்து அனுப்பிய வீடியோ. ஒளிப்பட நிலையம் இருந்த தெரு. குடும்பத்தார் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள், அழுவாரோ என்று. அவரோ படத்தின் நான்கு மூலைகளையும் மாறி மாறிப் பார்த்தார். "இடப்பக்க மூலை கூர்மையாய் இல்லை. போர்டு சரிஞ்சு நிக்குது" என்றார். பேரன் ஒரு திருகை அரைச் சுற்றுத் திருப்பினான். மூலை தெளிந்தது. அதன் பிறகே அவர் தெருவைப் பார்த்தார்.

நோயுற்றோரைச் சந்திப்பது என் அன்றாடப் பணி. படுக்கையில் இருப்பவரிடம் நாம் உடல்நலம் விசாரிக்கிறோம், உணவு கொடுக்கிறோம், அவருக்காகச் செபிக்கிறோம். ஆலோசனை மட்டும் கேட்பதில்லை. அந்த முதியவர் தெருவைக் கண்டு மகிழ்ந்தார் என்பது உண்மை. ஆனால் அவர் முகத்தில் நான் கண்ட பெரிய மாற்றம் அதற்குச் சில நாள்களுக்கு முன்பே நிகழ்ந்துவிட்டது. பேரன் காகிதமும் பென்சிலுமாகக் கட்டிலருகே அமர்ந்து, "அப்பப்பா, அடுத்தது என்ன செய்யிறது?" என்று கேட்ட நாளில் நிகழ்ந்தது அது.

நம் தமிழ்நாட்டிலும் இதற்கு ஒரு முன்னோடி உண்டு. திருச்சியில் தென்னிந்திய இரயில்வேயில் வரைவாளராகப் பணியாற்றிய சாமிக்கண்ணு வின்சென்ட், நோயுற்று ஊர் திரும்பவிருந்த டுபான் என்ற பிரெஞ்சுக்காரரிடமிருந்து 1905-இல் புரொஜெக்டரையும் படச்சுருள்களையும் வாங்கினார். அவற்றுள் இயேசுவின் வாழ்வைக் காட்டும் படமும் ஒன்று. வேலையைத் துறந்து, கூடாரத்தைச் சுமந்துகொண்டு ஊர் ஊராகப் போனார். கோவையில் 1914-இல் நிலையான திரையரங்கு கட்டியது பிற்பாடு. முதலில் மக்கள் இருந்த இடத்துக்குக் கருவி போனது. நடந்து வர இயலாத ஒருவரின் சீலிங்குக்கு ஒளியை அனுப்புவதும் அந்த மரபைச் சேர்ந்ததே என்று நான் எண்ணுகிறேன்.

ஆகவே, லென்ஸ் கேட்டு என்னிடம் வந்த பிள்ளைகளே, உங்களுக்கு என் மறுமொழி இதுதான். யார் பார்க்கப்போகிறார், எங்கிருந்து பார்க்கப்போகிறார் என்று முதலில் குறித்துக்கொள்ளுங்கள். அங்கிருந்து திரைவரை அளவெடுங்கள். பலகையின் அகலத்தையும் மூலைவிட்டத்தையும் எழுதுங்கள். குவியத் தூரத்தைக் கணக்கிடுங்கள். உங்கள் பலகையின் மூலைவிட்டத்தைத் தன் பட வட்டத்துக்குள் அடக்கும் லென்ஸைத் தேடுங்கள். அதற்குப் பின் ஒளியைச் சிந்தாமல் கொண்டுசேர்க்கும் தகடுகளைத் தேடுங்கள். பெயரையும் புகழையும் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம். இவற்றுக்கு இடையே, உங்கள் வீட்டில் இருட்டறையிலோ வானொலிப் பட்டறையிலோ தறியிலோ உழைத்து ஓய்ந்த ஒரு முதியவர் இருந்தால், வரைந்த தாளை அவரிடம் ஒருமுறை காட்டுங்கள்.

இறைவன் உங்கள் கைகளின் உழைப்பை ஆசீர்வதிப்பாராக.